நீளமாக ஒரு சத்தம்

"கத்துதா, கத்தலையா?"

அவளுக்குப் பதினைந்து வயதில் அப்பா கேட்ட கேள்வி அது. பள்ளிக்கூடத்துக்கு இனிப் போகமாட்டேன் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, அந்த வரியோடு வாயையும் மூடிக்கொண்டு, வீட்டுக்குள் ஓரம் ஓரமாக அவள் நடமாடிய மாதங்கள். அப்பா பாகம் பாகமாக வாங்கிவந்து தானே பூட்டிய கம்ப்யூட்டர் ஒரு காலையில் கிளம்பமாட்டேன் என்றது. அவர் குளியலறைக்குள் இருந்தபடியே கேட்டார். அவள் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்று, "கத்துது" என்றாள்.

"எப்படிக் கத்துது?"

"நீளமா ஒண்ணு. அப்புறம் சும்மா இருக்கு. மறுபடி நீளமா ஒண்ணு."

"அப்ப ரேம்தான். பயப்படாதே. கத்துற வரைக்கும் உசுரோட இருக்குன்னு அர்த்தம். ஊமையாயிட்டாத்தான் நமக்கு வேலை."

இப்போது ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. அப்பா முன்னறையில் குளிர்பெட்டிக்குள் படுத்திருந்தார். அவள் அதே கம்ப்யூட்டரின் பொத்தானில் கட்டைவிரலை வைத்து அமுக்கினாள். விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. பெட்டி கத்தவில்லை.

"வருமா, வராதா?" என்றான் அண்ணன். விடிகாலை பஸ்ஸில் வந்து இறங்கியவன் இன்னும் சட்டையை மாற்றவில்லை. தோளில் பையின் வார் அழுத்திய சுருக்கம் அப்படியே இருந்தது.

"பார்க்கணும்."

"பிரிண்ட் போடுறவன் பன்னெண்டு மணிக்குள்ள கொண்டான்னுட்டான். நாலு மணிக்கு வண்டி வந்துரும். அறுபத்தோரு வருஷம் ஒரு மனுஷன் இருந்திருக்காரு, வீட்ல உருப்படியா ஒரு போட்டோ இல்ல பாரு."

"இதுல இருக்கு. ஸ்கேன் பண்ணது."

"ஸ்கேன் பண்ணப்பவே எனக்கு அனுப்பியிருந்தா என்னவாம்?"

அவள் பதில் சொல்லாமல் இருப்பது அந்த வீட்டில் கதவு கிரீச்சிடுவது மாதிரி, யாருக்கும் உறைக்காத ஒன்று. அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு முன்னறைப் பக்கம் எட்டிப்பார்த்தான். புதிதாக யாரோ வந்திருந்தார்கள். இரும்பு நாற்காலி ஒன்று விரிபடும் சத்தம் கேட்டது.

அண்ணனுக்கு வேண்டியது போட்டோ. அவளுக்கு வேண்டியது வேறு. இந்தப் பெட்டி ஒரே ஒரு தடவை, நேற்றுக் கத்தியதுபோலக் கத்தவேண்டும். அதற்கப்புறம் அதைத் தூக்கி எங்கே போட்டாலும் அவளுக்குச் சம்மதம்தான்.

நேற்றுக் காலை நடந்தது இவ்வளவுதான். அப்பாவின் நுரையீரல் கைவிட ஆரம்பித்து எட்டு மாதமாகிறது. ஆக்சிஜன் மெஷினை வாடகைக்கு எடுத்தது மூன்று மாதத்துக்கு முன். குட்டி அலமாரி அளவிருந்த அது ராத்திரி பகலாக உறுமும். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எவனும் தூங்க முடியாது என்று அப்பாவே சொல்லி, அதை நடைவழியில் நிறுத்தச் செய்தார். அங்கிருந்து கண்ணாடி நிறத்தில் ஒரு நீளக் குழாய் சுவரோரமாகவே தரையில் ஓடி, அவருடைய அறைக்குள் நுழைந்து, கட்டிலில் ஏறி, மூக்கில் முடிந்தது. நடைவழியின் மறுகோடியில், சுவர் உள்வாங்கிய இடத்தில் ஒரு மேசையும் அதன்மேல் இந்தக் கம்ப்யூட்டரும் இருந்தன.

"அந்தப் பெட்டி கிளம்புதான்னு பாரேன்" என்றார் அப்பா. "ஒரு வாரமாப் படுத்தே கிடக்கு."

"நீங்களும்தான்."

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலாகிவிட்டது. அவள் தண்ணீர் கொடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு அவர், "அவசரமில்ல. ஒவ்வொண்ணாப் பாரு" என்றார். அப்புறம் மாத்திரை போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். அம்மா மருந்துக்கடைக்குக் கிளம்பினாள்.

மேசை இருந்த இடத்தில் வெளிச்சம் போதவில்லை. அவள் கம்ப்யூட்டரின் கேபினட்டைத் தூக்கிவந்து நடைவழி ஜன்னலுக்குக் கீழே தரையில் நிறுத்தினாள். ஒரு வங்கி கழித்துப்போட்ட பழைய இரும்புக் கேபினட் அது. ஒரு ஆள் தூக்குவதே பெரும்பாடு. பொத்தானை அமுக்கியதும் விசிறி சுற்றியது. திரையில் ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் சத்தம் வந்தது. நீளமாக ஒன்று. இடைவெளி. மறுபடி நீளமாக ஒன்று.

ரேம் என்று அவள் முடிவுகட்டினாள். நிறுத்தி, கேபினட்டைப் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்கவைத்து, விரல் நீளத்து ரேம் தகடுகள் இரண்டையும் கழற்றி, அவற்றின் பொன்னிறப் பற்களை அழிப்பானால் தேய்த்தாள். திரும்பப் பொருத்தினாள். நிமிர்த்தி வைத்துப் பொத்தானை அமுக்கினாள். மறுபடி நீளமாக ஒன்று. சாய்த்தாள், சத்தம் நின்றது. தகடுகளை இடம் மாற்றிப் போட்டாள். நிமிர்த்தினாள், கத்தியது. ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தாள். மற்றதை மட்டும் வைத்துப் பார்த்தாள். அவர் சொன்னபடியே, அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக. இருபது இருபத்தைந்து நிமிஷம் போயிருக்கும்.

அம்மா கடையிலிருந்து வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "அந்தப் பெட்டிய அடக்குடி, மனுஷன் கொஞ்சம் தூங்கட்டும்" என்றாள். அவள் கேபினட்டைச் சாய்த்துப் படுக்கவைத்தாள். சத்தம் நின்றது. அம்மா மருந்துப் பையோடு அறைக்குள் போனாள். "என்னங்க" என்று ஒரு தரம் கூப்பிட்டாள். இரண்டாம் தரம் கூப்பிட்டது வேறு குரலாக இருந்தது.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "இன்னிக்கு இல்லேன்னா நாளைக்கு, அவ்வளவுதாம்மா இருந்துச்சு. தூக்கத்துலயே போயிருக்காரு, குடுத்துவெச்சவரு" என்றார். மாடிவீட்டு அக்கா ஓடிவந்தாள். ஃபோன்கள் போயின. யாரோ ஆக்சிஜன் மெஷினை நிறுத்தினார்கள். ஆட்கள் வர வழி வேண்டுமே என்று அவள் படுத்திருந்த கேபினட்டை நிமிர்த்தி நிறுத்தி, பிறகு தூக்கி மேசைக்குக் கொண்டுபோனாள். திரும்பி வந்து பார்த்தபோது, கேபினட்டின் முன்கால் நின்றிருந்த இடத்தில் குழாய் நாடாபோலத் தட்டையாகக் கிடந்தது. கட்டைவிரல் அகலத்துக்கு. அவள் பார்க்கப் பார்க்க அது மெல்ல உப்பி, பழையபடி உருண்டையானது.

அதை யாரிடமும் அவள் சொல்லவில்லை.

மெஷினை வைத்துவிட்டுப் போனவன் அன்றைக்குச் சொன்னது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. "குழாய் எங்கயாவது நசுங்கினா, மடங்கினா, இதுவே கத்தி ஊரைக் கூட்டிரும். கவலையே படாதீங்க." அப்படியென்றால் கணக்கு எளிது. நேற்றுக் கத்தியது கம்ப்யூட்டர் என்றால், மெஷின் கத்தவில்லை. மெஷின் கத்தவில்லை என்றால், குழாய் தட்டையானாலும் உள்ளே காற்று போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது. கத்தியது கம்ப்யூட்டர் இல்லை என்றால்...

அந்த இடத்துக்கு வந்ததும் கணக்கு நின்றுவிடும். நேற்றிலிருந்து அவள் நூறு தடவை அந்த இடம்வரை போய்வந்திருந்தாள். ஆக்சிஜன் மெஷினை ஓடவிட்டுக் குழாயை விரலால் அழுத்தினால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். அதன்மேல் யாரோ ஒரு போர்வையைப் போர்த்தி, சுருட்டிய குழாயை மேலே வைத்து, அதற்கும் மேலே காலி டம்ளர்களை அடுக்கியிருந்தார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பாமல் நடந்தாள்.

"என்ன பாப்பா, கிளம்புதா?"

ஸ்பேனர் மாமா வந்து சுவரில் சாய்ந்தார். அப்பாவோடு முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். எந்தப் பழுதென்றாலும் முதலில் "ஸ்பேனரை எடு" என்பதால் வந்த பெயர். சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது நினைவிருக்குமா என்று அப்பா கேலி செய்வார்.

"இல்ல மாமா."

"கத்துதா?"

"கத்தல."

"உங்கப்பன் இருந்தா ஒரு தட்டு தட்டுவான்." சொல்லிவிட்டு அவர் கேபினட்டின் முதுகை ஒரு தட்டு தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. "எனக்கு அந்த ராசி இல்ல" என்று கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "ஒருதடவ ஒரு பெரிய கட்டடத்துல ஏழு பேரு ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்டாங்க. உங்கப்பன் மேலேருந்து குனிஞ்சு, 'ஐயா, மேல போகணுமா, கீழ போகணுமா'ன்னு கேக்குறான். உள்ளேருந்து வந்துச்சு பாரு வசவு, காது கூசிப்போச்சு. என்கிட்ட திரும்பி, 'ஏழும் நல்லாத்தான் இருக்குடா, மெதுவாவே பார்க்கலாம்'ங்குறான்."

அண்ணன் லேசாகச் சிரித்தான். சிரித்தது தப்போ என்பதுபோல முன்னறைப் பக்கம் பார்த்தான். அவள் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, திரைக்குப் படம் அனுப்பும் கார்டின் மேல் விரலை வைத்தாள். ஒரு முனை நெல்மணி அளவுக்கு மேலே தூக்கிக்கொண்டிருந்தது.

அதை வெளியே எடுத்தாள். பற்களை அழிப்பானால் தேய்த்தாள். ஊதினாள். பள்ளத்தில் வைத்து இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினாள். 'டக்' என்று உட்கார்ந்தது. மின்கம்பியைத் திரும்பச் செருகினாள். பொத்தானை அமுக்கினாள். விசிறி சுற்றியது. திரை ஒரு கணம் யோசித்து, சாம்பல் நிறமாகி, எழுத்துகளை வரிசையாகக் கொட்டியது. உள்ளே இருந்த காசு அளவு பாட்டரி செத்துப்போய் வெகுநாளாகிவிட்டதால், அப்பா இதைப் பூட்டிய வருஷத்துக்கும் முந்தைய வருஷத்து முதல் தேதியைக் காட்டியது. அவள் ஒரு விசையைத் தட்டி மேலே போகவிட்டாள்.

"அப்பாடா" என்றான் அண்ணன்.

அவளுக்கு 'அப்பாடா' வரவில்லை. கார்டு தூக்கிக்கொண்டிருந்தால் பெட்டி வேறு மாதிரி கத்தவேண்டும். நீளமாக ஒன்று, அடுத்தாற்போல் குட்டையாக இரண்டு. எந்தப் பழுதுக்கு எந்தச் சத்தம் என்ற பட்டியல் அப்பாவுக்கும் அவளுக்கும் தலைகீழ்ப் பாடம். நேற்றுக் கேட்டதில் குட்டைச் சத்தமே கிடையாது. சரி, இரண்டு பழுதும் சேர்ந்தே இருந்திருக்கலாம் என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் இன்றைக்கு ஒரு பழுதுக்குக்கூட அது வாயைத் திறக்கவில்லை. அதையும் பார்த்தாள். பார்த்தும் பாராததுபோல ஓரமாக வைத்தாள்.

அப்பாவின் கோப்புறைகள் மூன்றே மூன்று. 'லிஃப்ட்', 'வீடு', 'சும்மா'. போட்டோ 'சும்மா'வில் இருந்தது. லிஃப்ட்டின் தலைமேல், இரும்புக் கயிற்றை ஒரு கையால் பிடித்தபடி அப்பா நின்றுகொண்டிருந்தார். யாரோ கூப்பிட்டுத் திரும்பியதுபோன்ற முகம். கன்னத்தில் கிரீஸ்.

"இதுவா?" என்றான் அண்ணன். "கன்னத்துல என்னமோ கறை."

"கறை இல்லடா, கிரீஸ்" என்றார் ஸ்பேனர் மாமா. "அதை அழிக்கச் சொல்லிராத. அப்புறம் எங்களுக்கே யாருன்னு தெரியாது." பேசிக்கொண்டே இருந்தவர் திரையை நெருங்கிப் பார்த்தார். "நான்தான் எடுத்தது" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அண்ணன் போட்டோவைப் பென்டிரைவில் ஏற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"நான் போயிட்டு வந்துடறேன். நீ இதை நிறுத்தி மூடி வெச்சுரு. ஆக்சிஜன்காரன் நாளைக்கு அவன் மெஷினை எடுக்க வருவான். அப்படியே இதையும் யாருக்காவது தள்ளிவிட்டுறலாம். இடத்தை அடைச்சுக்கிட்டு."

"ம்."

"நீ ஏதாவது சாப்பிட்டியா?"

"ம்."

"பொய்" என்றான் அண்ணன். அவள் தலையில் ஒரு தரம் கையை வைத்து எடுத்துவிட்டுப் போனான்.

அவள் பெட்டியை நிறுத்தினாள். மூடவில்லை. இரண்டு ரேம் தகடுகளையும் கழற்றி மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ரேம் இல்லாமல் கிளப்பினால் இந்த ரகப் பெட்டி கத்தியே தீரவேண்டும். இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. பசித்த குழந்தை அழுகிற மாதிரி. முன்னறையில் யாரோ வந்து மூக்கைச் சிந்தும் சத்தமும், மாடிவீட்டு அக்கா, "எட்டு மாசம், ஒரு நாள் முகம் சுளிச்சதில்ல இந்தப் பொண்ணு" என்று யாருக்கோ சொல்வதும் கேட்டன. அவள் பொத்தானை அமுக்கினாள்.

விசிறி சுற்றியது. அவள் மனதுக்குள் எண்ணினாள். இருபதுவரை எண்ணினாள். நிறுத்தி, பத்து எண்ணி, மறுபடி கிளப்பினாள். ஐம்பதுவரை எண்ணினாள். விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

சத்தம் வராததற்கு என்னென்ன காரணம் இருக்கலாம் என்று அவள் ஒவ்வொன்றாக யோசித்தாள். போர்டே செத்திருக்கலாம். ஆனால் இப்போதுதானே படம் காட்டியது. சத்தம் போடுகிற ஸ்பீக்கர் போயிருக்கலாம். நேற்றுவரை நன்றாக இருந்து, ராத்திரியோடு ராத்திரியாகப் போயிருக்கலாம். மனுஷனே போகும்போது ஸ்பீக்கர் போகாதா. அல்லது நேற்று அவ்வளவு தரம் சாய்த்து நிமிர்த்தியதில் அதன் வயர் கழன்றிருக்கலாம். அப்படித்தான் இருக்கவேண்டும். அவள் ஃபோன் விளக்கைப் போட்டு உள்ளே காட்டினாள்.

ஸ்பீக்கர் என்பது சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு கறுப்பு வட்டம். அடியில், முன்பக்க மூலையில் இருந்தது. அதிலிருந்து சிவப்பும் கறுப்புமாக முறுக்கிய வயர் மேலேறி, போர்டின் ஓரத்தில் நான்கு ஊசிகள்மேல் செருகியிருக்கவேண்டும். ஊசிகள் காலியாக இருந்தன. அவள் விளக்கை நகர்த்தினாள். வயர் கழன்று தொங்கவில்லை. அழகாகச் சுருட்டி, விசிறியில் சிக்காதபடி ஒரு சட்டத்துக்குப் பின்னால் ஒதுக்கப்பட்டிருந்தது. அதன் முனையில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. டேப்பின் நுனி உள்பக்கமாக மடித்து, ஒரு குட்டி வாலாக விடப்பட்டிருந்தது.

அப்படி மடிக்கிறவர் ஒருவர்தான். "நாளைக்கு இன்னொருத்தன் பிரிக்கணும்ல, அவன் நகத்தால சுரண்டிக்கிட்டா நிப்பான்" என்பார்.

டேப்பின்மேல் தூசி படிந்திருந்தது. நேற்றைய தூசி இல்லை. சாம்பல்நிறத் துணிபோல ஒரே சீராகப் படிந்திருந்தது. அவள் விரலால் தொட்டாள். விரல் பட்ட இடம் மட்டும் கறுப்பாயிற்று.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எதிர்ச் சுவரில் மின்கட்டணச் சீட்டு ஒன்று ஆணியில் குத்தியிருந்தது. அதிலுள்ள எண்களை மேலிருந்து கீழாக வாசித்தாள். கீழிருந்து மேலாக வாசித்தாள். அழுகை வருமோ என்று காத்திருந்து பார்த்தாள். வரவில்லை. மேசைமேல் அழிப்பானின் துகள்கள் சிதறிக் கிடந்தன. அவற்றை உள்ளங்கை ஓரத்தால் ஒன்றாகத் திரட்டி, ஒரு காகிதத்தில் அள்ளி, மடித்து வைத்தாள். பிறகு வாலைப் பிடித்து டேப்பைப் பிரித்தாள். ஒரே இழுப்பில் சுலபமாக வந்தது. வயரை ஊசிகள்மேல் செருகினாள். ஏன் செருகினாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. பழுதைக் கண்டுபிடித்தாயிற்று, அடுத்தது சரிசெய்வதுதானே என்று கை தானாகப் போயிற்று. பொத்தானை அமுக்கினாள்.

பெட்டி கத்தியது.

நீளமாக ஒன்று. இடைவெளி. நீளமாக ஒன்று. தகரத்துக்குள் அகப்பட்ட பூச்சியின் சத்தம் போல மெலிசாக இருந்தது. நேற்றையது இப்படி இல்லை. நேற்றையது கனமானது. அறையையே பிடித்து அமுக்கியது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டிருந்தால் சின்னக் குழந்தைகூட வேறு வேறு என்று சொல்லிவிடும். நினைவிலாவது அப்படி அடுத்தடுத்துக் கேட்க நேர்ந்தது இப்போதுதான்.

"என்னடி சத்தம்?"

அம்மா நடைவழியில் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு டம்ளர் டீ இருந்தது. இவளுக்காகக் கொண்டுவந்தது.

"இதுதாம்மா."

"இதுவா?" அம்மா கிட்டே வந்தாள். டீயை மேசைமேல் வைத்தாள். "இது எப்படிக் கத்தும்? அப்பாதான் இதோட வாயக் கட்டிட்டாரே."

பெட்டி இன்னொரு தரம் கத்தியது.

"அந்த மெஷின் வந்த அன்னிக்கு" என்றாள் அம்மா. நேற்றிலிருந்து அவள் பேசுவது எல்லாமே இப்படித்தான், வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல. "அவன் எல்லாத்தையும் மாட்டிட்டுப் போனான். இவரு மூக்குல குழாயோட மெதுவா நடந்து இங்க வந்து உக்காந்துக்கிட்டாரு. டார்ச்சை என் கையில குடுத்துட்டு என்னமோ நோண்டினாரு. இப்ப இது தேவையான்னேன். 'வீட்ல ரெண்டு பேரு கத்தினா எது கத்துதுன்னு எவனுக்கும் தெரியாது. இனிமே சத்தம்னு கேட்டா அது என் மெஷின்தான், போட்டது போட்டபடி ஓடி வாங்க'ன்னாரு. சின்னதுகிட்ட மறக்காம சொல்லிருன்னு..." அம்மா நெற்றியைத் தேய்த்தாள். "நீ அப்ப குளிச்சிக்கிட்டிருந்தே. வந்ததும் சொல்லலாம்னு நெனச்சேன். அப்புறம் அடுப்புல ஏதோ..."

அம்மா திரும்பி, போர்வை போர்த்திய மெஷினைப் பார்த்தாள்.

நீளமாக ஒன்று. இடைவெளி. நீளமாக ஒன்று.

"நேத்து நான் கடையிலேருந்து வந்தப்ப" என்றாள் அம்மா. குரல் மிகவும் சாதாரணமாக இருந்தது. "செருப்பைக் கழட்டுறப்ப..."

அம்மா முடிப்பதற்குள் அவள் கையை நீட்டிப் பெட்டியை நிறுத்தினாள். விசிறி மெல்ல மெல்ல ஓய்ந்தது. காலையிலிருந்து அந்த வீட்டில் அவள் பேசிய எல்லாவற்றையும் கூட்டினாலும் நாலு வரி தேறாது. இப்போது பேசினாள்.

"நேத்து நான் இதை மாட்டியிருந்தேம்மா. பழுது பார்க்குறப்ப சத்தம் வேணும்ல, சத்தம் இல்லாம எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது. அதான் மாட்டினேன். நீங்க வந்தப்பக் கத்தினது இதுதான். ரேம்ல கோளாறு. நீங்க அடக்கச் சொன்னீங்கல்ல, உடனே அடக்கினேன்ல. அப்புறம் நான்தான் வயரைக் கழட்டி டேப் சுத்திவெச்சேன். இப்ப அண்ணன் கேட்டான்னு மறுபடி மாட்டிப் பார்த்தேன். அவ்வளவுதான். மெஷின் நேத்துக் கத்தவே இல்லம்மா. நான் பக்கத்துலயேதானே இருந்தேன். கத்தியிருந்தா எனக்குத் தெரியாதா."

அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு நீளமாக இவள் பேசி அம்மா எப்போது கேட்டாள் என்று தெரியவில்லை. பிறகு அம்மாவின் பார்வை மேசைக்கு இறங்கியது. இரண்டு ரேம் தகடுகள், மடித்த காகிதம், ஆடை படிய ஆரம்பித்த டீ. அவற்றுக்கு நடுவில் பிரித்துப்போட்ட டேப் சுருண்டு கிடந்தது.

அம்மா அதை எடுத்தாள். இரண்டு விரலால் இழுத்து நீட்டினாள். விட்டதும் அது பழைய வளையமாகச் சுருண்டுகொண்டது. முதுகில் படிந்திருந்த தூசியைப் பார்த்தாள். மடித்துவிட்டிருந்த வாலைக் கட்டைவிரலால் ஒரு தரம் தடவினாள்.

"அக்கா, உங்க தம்பி வீட்லேருந்து வந்திருக்காங்க" என்று முன்னறையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

அம்மா டேப்பை எடுத்த இடத்திலேயே வைத்தாள். டீ டம்ளரைக் கொஞ்சம் இவள் பக்கமாக நகர்த்தி வைத்தாள். புடவைத் தலைப்பைத் தோளில் சரியாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். நடைவழியில் ஜன்னலுக்குக் கீழே வந்ததும், தரையில் இப்போது இல்லாத குழாயைத் தாண்டுவதற்காகக் காலைத் தூக்கிவைத்து, முன்னறைக்குப் போனாள்.